ஐந்துக்கு எத்தனை? கொரோனா கால கல்லூரிச் சேவைக்கு ஒரு தாமதமான ரிவ்யூ

போன வாரம் எங்கள் பழைய கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. கல்லூரிகளைத் தரம் பார்த்து கிரேடு போடும் நாக் குழு எங்கள் கல்லூரிக்கு வரப்போகிறதாம், பழைய மாணவர்கள் எல்லாரும் கருத்துப் படிவம் நிரப்பித் தர வேண்டுமாம். திறந்தால் 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை வட்டம். நான்காவது கேள்வி, "கற்பித்தல் முறை எந்த அளவுக்குத் திருப்தி அளித்தது?" அங்கேயே நின்றுவிட்டேன். எழுதிச் சொல்ல ஒரு கட்டம்கூட வைக்கவில்லை, வட்டத்தை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சரி, அங்கே இடம் இல்லையென்றால் இங்கே எழுதிவிட்டுப் போகிறேன்.

நான் 2018-ல் சேர்ந்து 2022-ல் முடித்த ஈஇஇ, அதாவது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். தென் மாவட்டத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி, பெயர் வேண்டாம், இன்னும் அங்கே தெரிந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். எங்கள் பேட்சுக்கு ஒரு விசேஷம் உண்டு. பரீட்சையே நடக்காத செமஸ்டர், கேமரா முன்னால் அசையாமல் உட்கார்ந்து எழுதிய செமஸ்டர், வீட்டில் எழுதித் தபாலில் அனுப்பிய செமஸ்டர், கடைசியில் மறுபடியும் ஹாலில் உட்கார்ந்து கை வலிக்க எழுதிய செமஸ்டர் என்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள் நாங்கள். மெனு கார்டில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டவன் எழுதும் ரிவ்யூ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை. மார்ச் 31 வரை என்றார்கள், அதனால் ஹாஸ்டலில் இருந்து ஒரே ஒரு பையோடு கிளம்பினோம். அப்போது நாங்கள் நான்காவது செமஸ்டர். மெஷின்ஸ் லேப்பில் இரண்டு சோதனை பாக்கி. அதில் ஒன்று சிங்க்ரனைசேஷன். கரண்ட் உற்பத்தி செய்யும் மெஷினான ஆல்டர்னேட்டரை மெயின் சப்ளையோடு சேர்க்கும் சோதனை. ஸ்விட்சுக்குக் குறுக்கே மூன்று விளக்கு போட்டிருப்பார்கள், மூன்றும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்துகொண்டே இருக்கும், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தால் அந்தத் துடிப்பு மெதுவாகிக்கொண்டே வரும், நன்றாக இருட்டாகும் நேரம் பார்த்து ஸ்விட்சைப் போட வேண்டும். நேரம் தப்பினால் டொம்மென்று ஒரு சத்தம் வரும், ஃப்யூஸ் போகும், லேப் அசிஸ்டண்ட் அண்ணன் கெட்ட வார்த்தையில் திட்டுவார் என்று சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அதைப் பார்ப்பதற்காகவே காத்திருந்தேன். அப்சர்வேஷன் நோட்டில் சர்க்யூட் படத்தைப் பென்சிலால் போட்டு, அட்டவணைக்குக் கோடும் இழுத்து வைத்திருந்தேன். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது, அட்டவணை காலியாக.

இனி சேவைக்கு வருகிறேன். முதலில், மேலே இருப்பவர்கள் எடுத்த முடிவுகள் எங்களுக்கு வந்து சேர்ந்த விதம். அதற்கு 1 மார்க் கொடுப்பதே அதிகம். 2020 ஜூலை 23 அன்று அப்பா ஹாலில் இருந்து கத்தினார், "டேய், உனக்குப் பரீட்சை இல்லையாம்டா, டிவில ஓடுது". இறுதியாண்டு தவிர மற்ற எல்லாருக்கும் செமஸ்டர் தேர்வு ரத்து என்று அன்றைக்கு முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி அறிவித்திருந்தார். கல்லூரியில் இருந்து குரூப்பில் மெசேஜ் வந்தது மறுநாள் மதியம், அதுவும் அதே டிவி செய்தியின் ஸ்கிரீன்ஷாட்! எங்கள் கிளாஸ் அட்வைசரைக் கேட்டால், "எனக்கும் டிவில பார்த்துத்தான்பா தெரியும்" என்றார். நாலு மாசம் தினமும் "தேர்வு எப்போது?" என்று கேட்ட பிள்ளைகளிடம், தெரியாது என்று சொல்லவும் முடியாமல் தெரியும் என்று சொல்லவும் முடியாமல் அந்த மனுஷர் பட்ட பாடு எனக்கு இப்போதுதான் புரிகிறது.

முடிவு எங்கிருந்து கிளம்பி எங்கே வந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். யுஜிசி, அதாவது டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு, 2020-ல் இரண்டு குழு போட்டது. தேர்வு, கல்வி நாள்காட்டி இரண்டையும் பார்க்க ஆர்.சி.குஹாத் தலைமையில் ஒன்று, ஆன்லைன் கல்வியைப் பார்க்க நாகேஸ்வர ராவ் தலைமையில் இன்னொன்று. ஏப்ரல் 29 அன்று வழிகாட்டுதல் வந்தது. நிலைமை சரியாகவில்லையென்றால் இடை செமஸ்டர்காரர்களுக்கு இன்டர்னலில் 50 சதவீதம், முந்தைய செமஸ்டரில் 50 சதவீதம் எடுத்து மதிப்பெண் போடலாம் என்ற கணக்கு அதில் இருந்து வந்ததுதான். எங்கள் நான்காவது செமஸ்டர் மார்க் ஷீட் அப்படிப் பிறந்ததே. அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரி இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பாடத்தில் சுமார் 25 சதவீதத்தை ஆன்லைனிலும் 75 சதவீதத்தை நேரிலும் நடத்தும் அளவுக்கு ஆசிரியர்களைத் தயார்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 100 சதவீத ஆன்லைன், தயார்ப்படுத்தல் என்று பார்த்தால் அரை நாள் கூகுள் மீட் பயிற்சி. அதிலும் மைக்கை மியூட் செய்வது எப்படி என்று சொல்லித் தந்தார்களாம்.

என் முக்கியமான புகார் இதுதான். தேர்வு வைப்பதா வேண்டாமா, எப்படி வைப்பது, யாருக்கு பாஸ் என்று டெல்லியில் இருந்து சென்னை வரை, உச்ச நீதிமன்றம் வரை விடாமல் பேசினார்கள். இறுதியாண்டுத் தேர்வை செப்டம்பர் முடிவதற்குள் வைத்தாக வேண்டும் என்று ஜூலை 6-ல் யுஜிசி சொல்ல, அது உச்ச நீதிமன்றம் போய், தேர்வு இல்லாமல் பட்டம் கொடுக்க முடியாது, வேண்டுமானால் தேதியைத் தள்ளிக் கேளுங்கள் என்று ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு வந்தது. எல்லாம் சரி. ஆனால் பாடத்தை எப்படி நடத்துவது, லேப்பை என்ன செய்வது, விட்டுப்போனதை எப்போது பிடிப்பது என்று எங்கேயாவது யாராவது உட்கார்ந்து முடிவு எடுத்தார்களா? எங்கள் கல்லூரியில் எடுக்கவில்லை. பாடத்தை ஆசிரியர் தலையிலும் அவர் போனின் நெட் பேக் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

நடுவில் ஆல் பாஸ் கூத்து. 2020 ஆகஸ்டு 26 அன்று, அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், இறுதி செமஸ்டர் பாடம் தவிர மற்றதில் தேர்ச்சி என்று அறிவிப்பு. முதல்வரை வாழ்த்திப் போஸ்டர் ஒட்டினார்கள், மீம் போட்டார்கள், ஊரே சிரித்தது. என் ரூம்மேட்டுக்கு இரண்டு அரியர். அவன் அப்பா, "இந்தத் தடவை வேண்டாம், அடுத்த செமஸ்டருக்குச் சேர்த்துக் கட்டிக்கலாம்" என்று சொல்லியிருந்தார், அதனால் அவன் பணம் கட்டவில்லை. பக்கத்து அறையில் 11 அரியர் வைத்திருந்தவன் கட்டியிருந்தான். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ இதை எதிர்க்கிறது என்று அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சூரப்பா சொல்ல, உயர்கல்வி அமைச்சராக இருந்த கே.பி.அன்பழகன் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல, முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி வழக்குப் போட, உயர் நீதிமன்றம் 2021-ல் தேர்வே வைக்காமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது, ஏதாவது ஒரு வகையில் தேர்வு வையுங்கள் என்றது. பாஸ் என்று ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவர்கள் கதி என்ன ஆவது?

ஆன்லைன் வகுப்பு ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டில் நெட் வரும் போன் ஒன்றுதான், அது அப்பாவுடையது. அப்பா லோடு வேன் ஓட்டுகிறவர், காலை ஏழு மணிக்குப் போனோடு கிளம்பிவிடுவார். செப்டம்பரில் நகையை அடகு வைத்து ஒரு போன் வாங்கினோம். அதையும் நானும் தங்கச்சியும் மணிக்கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டோம், அவளுக்கு ப்ளஸ் ஒன். இந்தக் கதை தமிழ்நாட்டில் பாதி வீட்டில் நடந்திருக்கும், அதனால் நீட்டவில்லை. 2021 ஜனவரியில் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அரசு அறிவித்தது, நல்ல திட்டம், ஆனால் எங்கள் கல்லூரி ஆபீசில் லிஸ்ட் சரிபார்த்து அந்த கார்டு என் கைக்கு வந்தபோது நான் கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், அதற்குள் கல்லூரியே திறந்துவிட்டார்கள்.

அந்த ஐந்தாவது செமஸ்டரின் கன்ட்ரோல் லேப்பை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். டிசி மோட்டாரின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், அதாவது கொடுக்கும் வோல்டேஜுக்கு வேகம் எப்படி மாறுகிறது என்ற கணக்கு, கண்டுபிடிக்கும் சோதனை. சார் ஆளில்லாத லேப்புக்குத் தனியாகப் போய், ஒரு கையில் தன் போனையும் மறு கையில் வேகம் காட்டும் டாக்கோமீட்டரையும் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்து அனுப்பினார். டாக்கோமீட்டர் எழுத்து வீடியோவில் தெரியவில்லை, அதனால் அவரே வாய்விட்டுப் படித்தார். மோட்டார் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. 58 பேரில் பாதிப் பேர் 1420 என்று எழுதினார்கள், மீதிப் பேர் 1440. குரூப்பில் இரண்டு நாள் சண்டை. கடைசியில் கிளாஸ் ரெப் சாருக்கே போன் போட்டுக் கேட்டதற்கு, "ரெண்டுமே சரிதான், போடுங்க" என்றாராம். ரெக்கார்டு நோட்டில் 58 கிராஃபும் இரண்டே இரண்டு வகை. எல்லாருக்கும் 10-க்கு 10.

அந்த சாரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. நிறையப் பேர் ஐஐடிக்காரர்களின் இலவச வீடியோ பாடமான என்பிடெல் லிங்க்கைத் தட்டிவிட்டு, "வாட்ச் திஸ்" என்று போட்டுவிட்டுப் போனார்கள், அவர் அதைச் செய்யவில்லை. யாரும் சொல்லாமல், சம்பளம் பாதியாகக் குறைந்திருந்த மாசத்தில், சொந்தப் பெட்ரோல் போட்டு லேப்புக்குப் போனார். இன்னொரு மேடம் இருந்தார், பவர் சிஸ்டம்ஸ் எடுத்தவர். மீட்டில் 20 பேருக்கு மேல் வருவதில்லை என்று தெரிந்ததும், தினமும் எட்டு நிமிஷம் பத்து நிமிஷம் பேசி வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக அனுப்ப ஆரம்பித்தார். தமிழில், வீட்டுக்கு வரும் கரண்ட் எங்கே இருந்து கிளம்புகிறது என்று கதை சொல்வது போல. டூஜி சிக்னலிலும் இறங்கும், ராத்திரி அப்பா போனிலும் கேட்கலாம். இந்த இரண்டு பேருக்கும் 5-க்கு 5, தனியாக. ஆனால் அந்தப் படிவத்தில் இவர்களுக்கு என்று வட்டம் இல்லை. நான் 5 போட்டால் அது நிர்வாகத்தின் கணக்கில் ஏறும்.

அடுத்தது, ஆறு வாரம். எனக்கு மிக அதிகமாகக் கோபம் வருவது இதில்தான். 2020 டிசம்பர் 2-ல் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் அறிவியல், தொழில்நுட்ப முதுநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கும் மட்டும் முதலில் கல்லூரியைத் திறந்தார்கள். லேப் இல்லாமல் முடியாதவர்கள் முதலில் வரட்டும் என்பது நியாயமான யோசனை, அந்த முடிவை எடுத்தவருக்கு ஒரு சபாஷ். அதே டிசம்பரில் ஐஐடி மெட்ராஸில் 100 பேருக்கு மேல் தொற்று வந்தது. அத்தனை பேரும் ஒரே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று செய்தியில் படித்தபோது, இவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படியா என்று ஆச்சரியமாக இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8-ல் திறந்து மார்ச் 23-ல் மறுபடி ஆன்லைனுக்குத் தள்ளினார்கள். நடுவில் கிடைத்தது ஆறு வாரம் சொச்சம். அந்த ஆறு வாரத்தில் என்ன செய்திருக்கலாம்? எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான், லேப்புக்குக் கூட்டிப் போங்கள் என்று. தியரியைத்தான் எப்படியோ ஆன்லைனில் ஓட்டிவிட்டோமே. எங்கள் கல்லூரியில் அந்த ஆறு வாரமும் போனது ரிவிஷனுக்கும் மாடல் எக்ஸாமுக்கும். மெஷின்ஸ் லேப் சாவி கேட்டுப் போனால், "அதுதான் போன வருஷமே கிரேடு போட்டாச்சேப்பா, இனிமே எதுக்கு?" என்றார்கள். கணக்கில் முடிந்தது முடிந்ததுதானே.

கேமரா தேர்வு பற்றி ஊரே பேசிவிட்டது. தலையைத் திருப்பினால் வார்னிங், அம்மா காபி கொண்டு வந்தால் வார்னிங், என் முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு வார்னிங், அது என் தப்பா? எங்கள் கல்லூரியில் மூன்று வார்னிங் வரைக்கும் மன்னிப்பு, நான் இரண்டோடு தப்பித்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2021 பிப்ரவரியில் இதே பாணியில் நடந்த தேர்வில் ஏகப்பட்ட பேருடைய ரிசல்ட்டை நிறுத்தி வைத்தார்கள், தேர்ச்சியும் அடிமட்டத்துக்குப் போனது. மே மாதம் ஆட்சி மாறி, உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். பாஸானவர்களும் விருப்பப்பட்டால் எழுதலாம் என்றார்கள். ஒரு முடிவு தப்பு என்று தெரிந்ததும் திருத்தினார்கள் பாருங்கள், அதற்காக நான் அரை மார்க் கூட்டுகிறேன். தேர்தல் வராமல் இருந்திருந்தால் திருத்தியிருப்பார்களா என்று நினைத்தால் அந்த அரை மார்க்கைக் குறைக்கவும் தோன்றுகிறது.

பிறகு வந்தது வீட்டிலேயே எழுதும் தேர்வு. காலையில் கேள்வித்தாள் போனில் வரும், ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், அப்புறம் அசல் தாளைத் தபாலில் அனுப்ப வேண்டும். ஸ்கேன் செய்ய எல்லாருக்கும் தெரிந்த கேம்ஸ்கேனரை 2020 ஜூனில் தடை செய்த 59 ஆப்களோடு சேர்த்துத் தடை செய்திருந்தார்கள், அதனால் ஆளுக்கு ஒரு ஆப், ஆளுக்கு ஒரு மாதிரி பிடிஎஃப், ஒருவன் பேப்பர் முழுக்கத் தலைகீழாகவே போனது. எங்கள் ஊர் தபால் ஆபீஸ் சின்னது. கவுன்டரில் இருந்த அக்கா முதல் நாள், "என்னப்பா, எல்லாருமே ஸ்பீட் போஸ்ட்டா?" என்று சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் எங்களைப் பார்த்ததுமே கவரை எடை போடாமல், "41 ரூபாய், சில்லறையா கொடு" என்று கையை நீட்டினார்.

காப்பி அடித்தோமா? அடித்தோம். புத்தகம் மடியில், நண்பன் லைனில். ஆறாவது செமஸ்டர் மார்க் ஷீட்டைப் பார்த்தால் நான் பெரிய மேதை. 2021 நவம்பரில், நேரில் வந்து தேர்வு எழுதுங்கள் என்றபோது மதுரை உட்படப் பல ஊர்களில் மாணவர்கள் ரோட்டுக்கு வந்து, "பாடம் ஆன்லைனில் நடத்திவிட்டுத் தேர்வு மட்டும் நேரிலா?" என்று உட்கார்ந்தார்கள். எங்கள் கேட்டிலும் உட்கார்ந்தோம், நானும்தான். கோஷம் நியாயமானது, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. கோஷம் போட்ட எங்களில் எத்தனை பேருக்குப் பாடம் வேண்டியிருந்தது, எத்தனை பேருக்கு மடியில் புத்தகம் வேண்டியிருந்தது என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். பிறகு ஒமைக்ரான் வந்தது, 2022 பிப்ரவரித் தேர்வும் ஆன்லைன் ஆனது. கடைசி செமஸ்டர் மட்டும் ஹாலில். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதி விரலெல்லாம் மரத்துப்போய், வெளியே வந்து டீக்கடையில் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை.

ஃபீஸ் பற்றி ஒரு வார்த்தை. ஓடாத பஸ்ஸுக்குப் பாதிக் கட்டணம், தங்காத ஹாஸ்டலுக்குப் பராமரிப்பு, தொடாத லேப்புக்கு லேப் ஃபீஸ். ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இப்போது நான் விருதுநகர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாசம், ஈபி லைன் போய் இரண்டு டீசல் ஜெனரேட்டரையும் சேர்த்து ஓட்ட வேண்டியதாயிற்று. பேனல் பழசு, ஆட்டோமேட்டிக் யூனிட் ரிப்பேரில் கிடந்தது, விளக்கு வைத்துத்தான் சேர்க்க வேண்டும். என்னோடு இருந்தவர் ஐடிஐ முடித்து முப்பது வருஷமாக அங்கேயே இருக்கும் அண்ணாச்சி. "தம்பி, நீங்க காலேஜ்ல போட்டிருப்பீங்கல்ல, நீங்களே போடுங்க" என்று ஒதுங்கி நின்றார். விளக்கு மூன்றும் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தன. நான் பென்சிலால் போட்ட படம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது, கை மட்டும் ஸ்விட்சுக்குப் போகவில்லை.

"எந்த வருசம் தம்பி முடிச்சீங்க?"

"2022, அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. "சரி, இப்படித் தள்ளி நில்லுங்க" என்று என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். துடிப்பு மெதுவானது. மூன்றும் இருட்டானபோது போட்டார், சத்தமே வரவில்லை. "அடுத்த தடவை நீங்க" என்றார்.